என் கதாநாயகியை நம்பியவள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் மலாக்கா டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப் அடிக்கும் கிராணியாக இருந்தேன். வயது இருபத்தைந்து. ஜாசினில் அம்மாவோடு குடியிருந்தேன். அந்த வருடம்தான் நான் எழுதிய முதல் தொடர்கதை ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் வரத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான காதல் கதை. பதினான்கு வாரம் ஓடியது.

கதை இதுதான். படிவம் ஐந்தில் படிக்கும் பதினேழு வயதுப் பெண்ணும், அதே பஸ்ஸில் போகும் ஒரு பையனும் காதலிக்கிறார்கள். அவளுக்கு இருதயத்தில் கோளாறு. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். அவனுக்குத் துன்பம் தரக்கூடாது என்று அவள் நோயை மறைக்கிறாள். வேண்டுமென்றே அவனிடம் சண்டை போட்டுப் பிரிகிறாள். ஆஸ்பத்திரிக்கும் போகாமல், ஒரு மழைநாளில் அமைதியாகச் செத்துப்போகிறாள். அவனுக்கு விவரம் பிறகுதான் தெரிகிறது.

இருதய நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நூலகத்தில் ஒரு சுகாதாரப் புத்தகத்தில் படித்த அரைப் பக்கம்தான். ஆஸ்பத்திரி வார்டுக்குள் ஒரு மணி நேரம்கூட நான் இருந்ததில்லை. ஆனாலும் அந்தச் சாவை எழுதும்போது நானே அழுதேன். அழுகை வந்ததால் நன்றாக எழுதியிருக்கிறோம் என்று நம்பினேன்.

வாரா வாரம் கதையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஜாசின் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர், அந்தப் பையன் ஏன் இன்னும் அவள் பின்னாலேயே அலைகிறான், வேறு பெண்ணா இல்லை என்று என்னிடம் கேட்டார். எழுதுவது நான்தான் என்று அவருக்குத் தெரியும். டவுனில் மாதா கோயில் ஞாயிறு வகுப்பு நடத்தும் ஓர் அக்கா அலுவலகத்துக்கே வந்து, பதிமூன்றாம் வாரம் வெளிவந்த பிறகு தன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கதாநாயகி பிழைக்க வேண்டும் என்று முட்டி போட்டு ஜெபம் செய்ததாகச் சொன்னார். அடுத்த வாரப் பகுதியை நான் ஏற்கனவே அனுப்பியிருந்தேன். அவரைப் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டக் கேட்டுவிட்டு, கடைசி வாரம் என் மேல் கோபப்பட்டார். அந்தப் பையனின் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும், இந்தப் பெண்ணுக்கு என்ன வீம்பு என்பது அவர் கட்சி. அதெல்லாம் கதை புரியாத பேச்சு என்று நான் நினைத்தேன்.

கதை முடிந்த பிறகு பத்திரிகைக்காரர்கள் வாசகர் கடிதங்களை மொத்தமாகச் சேர்த்து ஒரு பழுப்பு உறையில் அனுப்பினார்கள். ஐந்து மாணவிகள் சேர்ந்து எழுதிய கடிதத்தில் மை கலங்கிய இடங்களை எல்லாம் பேனாவால் வட்டம் போட்டு, ‘இது எங்கள் கண்ணீர்’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு பையன், நான் எந்த இடத்திலும் அழவில்லை, இரண்டு இடத்தில் சிரித்தேன் என்று எழுதியிருந்தான். ஓர் ஆசிரியர், பரீட்சை நேரத்தில் இப்படிப்பட்ட கதைகள் தேவையா என்று கேட்டிருந்தார். எல்லாவற்றையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேசையில் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். திட்டியவர்களையும் சேர்த்து எல்லாமே எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசியாகப் பிரித்தது செலண்டார் தபால் முத்திரை பதிந்த ஒரு கடிதம். கோடு போட்ட பயிற்சிப் புத்தகத் தாள். கையெழுத்து அழகாக இருந்தது. முகவரி இல்லை. தன் பெயருக்குப் பதில் என் கதாநாயகியின் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தாள்.

தனக்கும் இருதயத்தில் ஓட்டை இருப்பதாக எழுதியிருந்தாள். அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு வந்து சேரும்படி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கடிதம் மலாய் மொழியில். அப்பா அம்மா இருவருக்கும் மலாய் பேச வரும், படிக்க வராது. வீட்டுக்கு வரும் கடிதங்களை எப்போதும் அவள்தான் படித்துச் சொல்வாள். இதை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டாள். ‘மாத்திரை போதும், ஆபரேஷன் தேவையில்லை என்று போட்டிருப்பதாகச் சொன்னேன் அக்கா. அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். உங்கள் கதையைப் படித்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. நன்றி.’

நன்றி என்ற சொல்லை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தேன். கடிதம் பத்திரிகை அலுவலகத்திலேயே மூன்று வாரம் கிடந்திருக்கிறது. அவள் எழுதியிருந்த அடுத்த மாதம் என்பது இந்த மாதம்.

அன்று புதன்கிழமை. அன்றைக்கே லீவு கேட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். நான் கிளம்பவில்லை. யாரோ ஒரு பிள்ளை விளையாட்டாக எழுதியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையாக இருந்தால், நம்பி எழுதியவளைக் காட்டிக்கொடுப்பது சரியா என்றும் யோசித்தேன். அதற்கெல்லாம் அடியில் இன்னொரு பயம் இருந்தது. போய் நின்றால், ‘உன் கதையைப் படித்துத்தான் எங்கள் பிள்ளை இப்படிச் செய்தது’ என்று பெற்றவர்கள் கேட்பார்களே. கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போய் வந்தேன். டைப் அடித்ததில் தப்பு மேல் தப்பு. அம்மாவிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் செலண்டாருக்குப் பஸ் பிடித்தேன். போகிற வழியெல்லாம் எண்ணெய்ச் செம்பனை, ரப்பர் பால்மரம், மறுபடியும் செம்பனை. இத்தனை தோட்டங்களில் எந்த லயத்தில் போய்த் தேடுவது என்று மலைப்பாக இருந்தது. ஒன்றுதான் தோன்றியது. அவள் ஞாயிறு பேப்பர் படித்திருக்கிறாள். பேப்பர் எங்கேயோ வாங்கியிருக்க வேண்டும்.

செலண்டார் கடை வரிசையில் தமிழ்ப் பேப்பர் தொங்கிய மளிகைக் கடைக்குள் போய், உடம்பு சரியில்லாத, பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணைத் தெரியுமா என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“தெரியும்லா,” என்றார். “ஞாயித்துக்கெழம பேப்பருக்கு வரும். இந்த ஸ்டூல்ல ஒக்காந்து, மூச்சு வாங்கிட்டு, கதைய முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கும். அந்தக் கதைய எவங்க எழுதுனாங்களோ, நல்லா அழ வைக்கிறாங்க. நானே படிச்சேன்.”

நான் தலையாட்டினேன். அவருடைய வேன் அவள் இருக்கும் தோட்டத்துக்குச் சாமான் கொண்டு போகும் நேரம். என்னையும் ஏற்றிக்கொண்டார். யார், எதற்கு என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்று மட்டும் சொன்னேன்.

லயத்தின் கடைசி வீடு. கதவைத் திறந்தது அவள்தான். ஒல்லியாக, கழுத்தெலும்பு தெரிய, பள்ளிப் பாவாடையோடு நின்றாள். என் பெயரைச் சொன்னேன். அவள் முகம் ஒரு நொடி மலர்ந்து, உடனே இருண்டது. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவள் அம்மா ஈரக்கையோடு வந்து, என்னைப் பள்ளி ஆசிரியை என்று நினைத்து, கோப்பி கலக்கப் போனார். அப்பா செம்பனைப் பழம் வெட்டும் வேலைக்குப் போயிருந்தார்.

அவள் என்னை வெளியே கூட்டிப்போனாள். செம்பனை தொடங்கும் இடம் வரை நடந்தோம். அந்தச் சிறு தூரத்துக்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். நான் எழுதிய பெண்ணுக்கு இப்படி மூச்சு வாங்கியதே இல்லை. அவள் சோர்ந்து சாய்வாள், கண்ணை மூடுவாள், அவ்வளவுதான்.

உனக்கும் அந்த மாதிரி யாராவது பையன் இருக்கிறானா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு ஏன் என்று கேட்டதற்கு, விரலால் தன் நெஞ்சில் மேலிருந்து கீழே கோடு இழுத்துக் காட்டினாள்.

“நெஞ்சுல இவ்ளோ நீளத்துக்கு அறுப்பாங்களாம். டோக்டர் படம் வரைஞ்சி காட்டுனாரு. எனக்குப் பயம்க்கா. பயமா இருக்குன்னு சொன்னா அசிங்கமா இருக்கு. ஒங்க கதையில ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்ததே அழகா இருந்துச்சு.”

ஏதாவது அறிவுரை சொல்லத் தேடினேன். கிடைத்தது உண்மை மட்டும்தான். எனக்கு அந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது, அப்படிச் செத்தவர் யாரையும் பார்த்ததில்லை, சாவு அழகாக இருக்கும் என்று நானாகத்தான் எழுதினேன் என்றேன். அவள் என்னை நம்பாதவள் போலப் பார்த்தாள். அம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒங்கள நம்பித்தானே எழுதுனேன் என்று அழுதாள். அழுகையிலும் மூச்சு முட்டியது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உள்ளே போய், ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.

“அந்த சூராட்டா? பத்திரமா வச்சிருக்கேன்,” என்று சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னேன். வந்து சேர வேண்டிய தேதி கடந்த செவ்வாய்க்கிழமை. அவள் எழுதிய கடிதம் என் கைக்குக் கிடைப்பதற்கு முந்தின நாள்.

அந்த அம்மா மகளைத் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. வாசலில் நின்றவளைப் பார்த்து, “அப்போ நீ படிச்சிச் சொன்னது பொய்யா?” என்று மட்டும் கேட்டார். அவள் தலை குனிந்தாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோப்பி ஆறிப்போனது.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து, கடிதம் அனுப்பிய கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மூன்று இடத்துக்கு மாற்றிவிட்டு, கடைசியில் வார்டு நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் பேசினார். ஏன் வரவில்லை என்று கேட்டார். வீட்டில் கடிதம் புரியவில்லை என்றேன். அந்த இடத்தை வேறு ஒரு பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது, புதுத் தேதிக்குக் கடிதம் வரும், காத்திருங்கள் என்றார். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டேன். மூச்சுத் திணறல் அதிகமானால் உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொன்னார்.

அந்தக் கடிதம் வர ஐந்து வாரம் ஆனது. வந்ததும் கடைக்காரர் என் அலுவலகத்துக்குப் போன் செய்வதாக ஏற்பாடு. நம்பரோடு பெயரையும் எழுதிக் கொடுத்ததில் கதை எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஐந்து வாரமும் அலுவலகத்தில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் டைப் அடிப்பதை விட்டுவிட்டு நானே ஓடிப்போய் எடுப்பேன். செலண்டார் என்று சொன்னால், அது கடிதமா, வேறு செய்தியா? இரண்டு முறை வேறு யாரோ ஆண் குரல் கேட்டதும், செலண்டாரா என்று கேட்டிருக்கிறேன். ஞாயிறு பேப்பரில் புதிதாக வேறொருவரின் தொடர் தொடங்கியிருந்தது. நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் அன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். அவள் என்னோடு பேசவில்லை. செலண்டாரில் பார்த்த நாளிலிருந்தே பேசவில்லை. தள்ளுவண்டியில் கொண்டு போகும்போது அம்மாவின் விரலை மட்டும் பிடித்திருந்தாள். அப்பா கீழே வாசலுக்கும் மாடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். நானும் அவள் அம்மாவும் வெளியே நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானத்துக்குப் பிறகு அந்த அம்மா பேசினார். “கதை எழுதுறது நீங்கதான்னு கடைக்காரரு சொன்னாரு.”

ஆமாம் என்றேன்.

“அதுல அந்தப் புள்ள செத்துருமாமே. ஏங்க சாவடிச்சீங்க?”

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கதவு திறக்கும் வரை எனக்குள் ஓடியதை எழுத எனக்கு இன்றும் வரவில்லை. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, நன்றாக முடிந்தது என்றார். அந்த அம்மா மலாயில் அவருக்கு நன்றி சொன்னார்.

அடுத்த வருடம் டவுனில் ஓர் அச்சகக்காரர் தொடரைப் புத்தகமாகப் போட விரும்பினார். முடிவை மாற்றிக் கதாநாயகியைப் பிழைக்க வைத்துவிடுவது என்று எழுத உட்கார்ந்தேன். எத்தனை எழுதியும் ஒட்டவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கி அவளுக்கே எழுதிக் கேட்டேன். ஒரு மாதம் கழித்து அதே கோடு போட்ட தாளில் நான்கு வரி வந்தது. இந்த முறை சொந்தப் பெயர் போட்டிருந்தாள். ‘முடிவை மாற்றாதீர்கள். பிழைத்தால் யாரும் அழமாட்டார்கள். ஆனால் பயத்தால்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று ஓர் இடத்தில் எழுதுங்கள்.’

எழுதினேன். ஒரே ஒரு வரி. அதற்கு எனக்குப் பத்து நாள் ஆனது. புத்தகம் வந்த பிறகு, அந்த வரி கதாநாயகியின் தியாகத்தைக் கெடுத்துவிட்டது என்று இரண்டு மூன்று பேர் எழுதினார்கள். மற்றவர்கள் கவனிக்கவே இல்லை.

ஒரு பிரதியை அவளுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு ஒருமுறை ஜாசின் பாசாரில் பார்த்தேன். சதை பிடித்து, கையில் மீன் பையோடு, வேகமாக நடந்து வந்தாள். சட்டையின் கழுத்துக்கு மேலே தழும்பின் நுனி தெரிந்தது. நின்று பேசினாள். பாலர் பள்ளியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். அம்மாவை விசாரித்தேன், என் அம்மாவை அவள் விசாரித்தாள். புத்தகம் கிடைத்ததா, அந்த வரியைப் படித்தாளா என்று கேட்க வாய் வரை வந்தது. அவளும் ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. பஸ் வந்துவிட்டது. அவள் ஓடிப்போய் ஏறினாள். அவள் ஓடுவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன்.