விரால் அடிப்பானும் லைன்மேன் பால்ராஜும்

நெமிலிச்சேரி லைன்மேன் பால்ராஜுக்கு மனிதர்களோடு சண்டையே கிடையாது. சோற்றில் கை வைக்கும் நேரத்தில் யாராவது வந்து கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுக்கிற ஆள். அப்பேர்ப்பட்டவன் எண்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் முழுக்க வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தான். காரணம் ஒரு பறவை.

ஏரிப் பக்கத்து ஜனங்கள் அதை விரால் அடிப்பான் என்பார்கள். மழைக்காலத்தில் எங்கிருந்தோ வரும். வெயில் ஏறினால் போய்விடும். வெள்ளை வயிறு, கண்ணோரம் கறுப்புப் பட்டை. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று உற்றுப் பார்க்கும். திடீரென்று கால்களை முன்னே நீட்டிக்கொண்டு தொபுக்கென்று விழும். சிறகு வரைக்கும் முழுகி, மீனோடு எழும்பி, குளித்த நாய் மாதிரி ஒரு உதறு உதறும். மீனின் தலை முன்பக்கம் வரும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு பறக்கும். இவ்வளவு நேர்த்தியாகப் பிடித்த மீனை ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து தின்னக் கூடாதா? தின்னாது. காலனிக்குள் வந்து, இக்னேஷியஸ் வீட்டெதிரே இருக்கும் கரண்ட் கம்பத்தில்தான் பந்தி போடும். தலையில் ஆரம்பித்து வால் வரைக்கும் நிதானமாகப் பிய்க்கும். குடலும் செதிலும் ஈரத்தோடு கம்பி தாங்கும் பீங்கான்கள் மேல் வழியும். படார் என்று பியூஸ் போகும்.

மற்ற நாளில் போனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால்தான் வினை. அன்று காலை டிவியில் புராணத் தொடர். அந்தத் தெருவிலேயே கலர் டிவி இக்னேஷியஸிடம் மட்டும்தான். ஆவடி பேக்டரியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பரம கத்தோலிக்கர், ஆனாலும் தொடரைத் தவற விடக்கூடாது என்று முதல் பூசையை முடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிடுவார். தெரு முழுக்க அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கும். இந்தி ஒருவருக்கும் புரியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. வில்லில் அம்பைப் பூட்டுகிற நேரம் பார்த்து டிவி அணையும்.

"யோவ் பால்ராஜு! ஒரு பறவைய ஓட்டத் துப்பில்ல, நீயெல்லாம் இன்னாத்துக்குய்யா லைன்மேனு?" என்று இக்னேஷியஸ் வாசலில் நின்று கத்துவார்.

பால்ராஜ் தலையை ஆட்டிவிட்டு லைனை அணைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறுவான். அந்தப் பொறுமையில் ஒரு சங்கதி இருந்தது. கம்பத்தின் உச்சிக்கு நேர் எதிரே இக்னேஷியஸ் வீட்டு மொட்டை மாடி. அங்கே அவர் மகள் அருள்செல்வி துணி காயப் போட்டுக்கொண்டிருப்பாள். அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் வேலை. துணிக்கு அவளுக்குக் கிடைப்பது ஞாயிறு மட்டும்தான். முதல் தடவை "பாத்துங்க" என்றாள். அடுத்த தடவை பேர் கேட்டாள். அப்புறம் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை அரை மணி நேரம் ஆயிற்று. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் கீழே நின்று கரண்ட்டுக்குத் தவம் கிடந்ததால் மேலே யாரும் பார்க்கவில்லை.

"எங்கப்பாகிட்ட வந்து கேளுங்க" என்றாள் ஒரு நாள், பட்டென்று.

பால்ராஜுக்குக் கம்பமே ஆடியது. "எந்த மூஞ்ச வெச்சிகினு கேக்கறது? கரண்ட்டு குடுக்க வக்கில்லாதவன் பொண்ணு கேட்டு வந்துகீறான்னுவாரு."

"அப்போ மொதல்ல பறவைய கவனிங்க."

கவனித்தான். கம்பத்தில் காலி டப்பாக்களைக் கட்டினான். பறவை அந்தச் சத்தத்துக்கு இரண்டே நாளில் பழகிக்கொண்டது. பழைய சட்டையைக் கட்டினான். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றது. கடைசியில் உயரமான சவுக்குக் கம்பம் ஒன்றை வாங்கி ஏரிக்கரையில் நட்டான். பறவை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அருள்செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அங்க நட்டா எப்படிங்க? கரையில பருந்துங்க மீனப் புடுங்க வருது. அதுங்ககிட்டருந்து தப்பிச்சுத்தான் இது இங்க ஓடியாருது. காத்துக்கு மூஞ்சக் காட்டிகினு, நாலாப் பக்கமும் தெரியற மாதிரி ஒக்காரணும் அதுக்கு. எங்க ஊட்டுப் பக்கத்துல காலி மனை கீதில்ல?"

சவுக்குக் கம்பம் காலி மனைக்கு வந்தது. கரண்ட் கம்பத்தைவிட ஓர் ஆள் உயரம் கூடுதல். பறவை சில நாள் யோசித்தது. பிறகு ஒரு காலையில் கெண்டை ஒன்றோடு வந்து அதில் இறங்கி, காற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, தலையைப் பிய்க்க ஆரம்பித்தது. அந்த ஞாயிறு அம்பு பூட்டப்பட்டது, பறந்தது, அரக்கன் விழுந்தான். கூடம் கை தட்டியது.

"பரவால்லியே, வேல தெரியுது ஒனக்கு" என்றார் இக்னேஷியஸ். பால்ராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறுதான் புரிந்தது, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம் என்று. யாரும் கூப்பிடவில்லை. கம்பத்தில் ஏற ஒரு சாக்கும் இல்லை. பெண் கேட்கவோ நாக்கு எழவில்லை. ஒருமுறை பாராட்டியவர் மறுபடி கத்தினால் தாங்காது என்று பயம். தெரு முனையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, மாடியில் ஒரு நீலப் புடவையின் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனான்.

அதற்கடுத்த ஞாயிறு அவனால் முடியவில்லை. தொடர் முடியும் வரைக்கும் மரியாதையாகக் காத்திருந்தான். முடிந்ததும் லைனை அணைத்துவிட்டு, ஸ்பேனரும் கையுமாகக் கம்பத்தில் ஏறிவிட்டான். மாடியில் அருள்செல்வி ஈரத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச ஆரம்பித்து ஒரு வார்த்தைகூட முடிந்திருக்காது.

விசிறி நின்றுபோன கடுப்பில் இக்னேஷியஸ் வெளியே வந்தார். முதலில் காலி மனையைப் பார்த்தார். சவுக்குக் கம்பத்தில் பறவை ஒரு மீனை வால் வரைக்கும் முடித்துவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் கரண்ட் கம்பத்தைப் பார்த்தார். செதில் இல்லை, குடல் இல்லை, பால்ராஜ் மட்டும் இருந்தான். கடைசியாக மாடியைப் பார்த்தார். அங்கே ஒரே துணியை மகள் நாலாவது தடவையாகப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சும்மா... செக் பண்ணலாம்னு சார்" என்றான் பால்ராஜ்.

இக்னேஷியஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"எறங்குய்யா. மொதல்ல கரண்ட்டப் போடு. அப்புறமா ஊட்டுக்குப் போயி உங்கம்மாவக் கூட்டிகினு வாசல் வழியா வா."