அக்கா போட்ட வளைவு

என் அக்காவுக்கு ஊர் வைத்த பெயர் பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழக வந்தவர் தடுமாறினால் அவள் மிதித்துவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். மாமா ஒரு பேச்சை எடுத்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் மூணாவது கியர பார்த்ததே இல்ல" என்பார் மாமா, அவள் காதில் விழாத தூரத்தில் இருந்துகொண்டு.

இப்படிப்பட்டவள் போய் நடக்கிறவர்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தாள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறாள் என்று கடைத்தெருவே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவள் அசரவில்லை.

"ஓட்டத் தெரியாதவன் பயந்து பயந்து போவான்டா. நல்லா ஓட்டத் தெரிஞ்சவன்தான் இடிப்பான். நான்தானே கத்துக்கொடுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

சண்டை எங்கள் தெருமுனையைப் பற்றியது. எதிரே பள்ளிக்கூடம், சற்றுத் தள்ளி மருந்துக்கடை, முனையில் என் கடை. போன வருடம் எங்கள் தெருத் தையல்கார அம்மாவின் கால் அங்கே ஒரு வண்டி மோதித்தான் போனது. அதற்குப் பிறகு நகராட்சி ஒரு திட்டம் கொண்டு வந்தது. முனையை அகலமாக்குவார்களாம், வண்டிகள் வேகம் குறையாமல் திரும்பலாமாம். அதைப் படித்த அன்று அக்கா சாப்பிடவில்லை. அவளுடைய சங்கம் வேறு திட்டம் போட்டது. இரண்டு பக்கமும் நடைபாதையை அகலப்படுத்தினால் கடக்க வேண்டிய தூரம் குறையும், வண்டிக்காரனும் வேறு வழியில்லாமல் மெதுவாகத் திரும்புவான். அவ்வளவுதான் விஷயம். இதற்காக அவள் ஏறாத படியில்லை.

சங்கம் என்றால் பெரிய கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ், ஒரு தச்சர், ஒரு போட்டோக்காரர், இன்னும் நாலைந்து பேர். நர்ஸின் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், ஊதவும் தயங்க மாட்டார். ஆனால் இவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. வரைபடத்தைக் காகிதத்தில் காட்டினால் யாருக்குப் புரியும்? அதனால் கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடி தூவி, திட்டத்தைத் தெருவிலேயே முழு அளவில் வரைந்துவிடுவார்கள். ஜனங்கள் கோட்டுக்குள் நடந்து பார்த்துத் தகராறு செய்வார்கள். அதற்கு அக்கா வைத்த சட்டம் ஒன்றுதான். கோடு யார் வாசலைத் தொடுகிறதோ, அவரோ அவர் உறவோ கயிற்றைத் தொடக்கூடாது. ஒருமுறை தச்சரின் மச்சினன் வீட்டு வாசலில், தச்சர் கையில் இருந்த கயிற்றை அவளே பிடுங்கியிருக்கிறாள்.

என் வாசலிலும் கோடு வந்தது. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை என்னுடையது. உள்ளே ஒருவன் குனிந்தால் இன்னொருவன் வெளியே போக வேண்டும். அதனால் நடைபாதையை அடைத்துச் செங்கல்லும் பலகைக்கல்லும் வைத்து ஒரு மேடை கட்டியிருந்தேன். யாரிடமும் கேட்டுக் கட்டவில்லை. இந்தத் தெருவில் யார்தான் கேட்டார்கள்? வெளிச்சம் அங்கேதான். மெல்லிய கம்பியை அங்கே உட்கார்ந்துதான் சுற்ற முடியும். சுண்ணாம்பு போட்ட அன்று நான் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கோடு மேடையைத் தொடாமல், அதைச் சுற்றி ஜனங்கள் நடக்க இடம் விட்டு, தெருப்பக்கம் வளைந்து போயிருந்தது. மேடை பிழைத்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

நகராட்சிக் கூட்டத்தில் சாலைப் பொறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு குறுக்கினா தீயணைப்பு வண்டி எப்படிம்மா திரும்பும்?" ஆள் கெட்டவர் இல்லை, கோப்பை மூடுகிற அவசரம். திருப்பிக் காட்டுகிறோம் என்றாள் அக்கா. சுண்ணாம்புக் கோட்டின் மேல் மணல் மூட்டைகளை அடுக்குவது, நிஜ வண்டியை வரவழைப்பது என்று முடிவானது. திரும்பினால் சங்கத்தின் திட்டம். திரும்பாவிட்டால் நகராட்சி முனையை அகலமாக்கும். அதன் பிறகு பேச்சே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தையல்கார அம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்து மருந்துக்கடை நிழலில் உட்கார வைத்திருந்தார்கள். என் மேடையில் ஆறேழு பேர் ஏறி நின்றார்கள், மோட்டார்களுக்கு நடுவில். சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு வந்தது. முன்பக்கம் அழகாகத் திரும்பியது. பின்சக்கரம் என் கடைக்கு முன்னால் இருந்த மூட்டையில் ஏறியது. மூட்டை கிழிந்து மணல் கொட்டியது.

"இன்னொரு தடவ" என்றாள் அக்கா. குரல் சரியாகத்தான் இருந்தது.

இந்தத் தடவை ஓட்டுநர் நன்றாக ஒதுங்கி வந்தார். வண்டியின் மூக்கு எதிர்ப்பக்க மூட்டைகளை இடிக்கப் போனது. பின்னால் எடுத்தார், மறுபடி ஒடித்தார், மறுபடியும் அதே பின்சக்கரம், அதே இடம். சிரித்தவன்தான் நான், ஆனாலும் அவள் தோற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பொறியாளர் பேனாவைத் திறந்தார். "எழுதிக்கவா மேடம்?"

"கொஞ்சம் இருங்க" என்றார் நர்ஸ். குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரு முழுக்க நேரா வர்ற கோடு இங்க மட்டும் ஏன் தொப்பை தள்ளிக்கிட்டு நிக்குது? அன்னிக்கு இந்த எடத்துல கயிறு யாரு புடிச்சது?"

தச்சர் தலையைத் திருப்பிக்கொண்டார். போட்டோக்காரர் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றாள் அக்கா. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "தம்பி மேடைய விட்டு வளைச்சது நான். திட்டத்துல தப்பு இல்ல, தப்பு என் மேல. நேரா போட்டிருந்தா வண்டி திரும்பும்."

"ஊருக்குத்தான் உபதேசமா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை, அக்காவை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நேரா போட்டா அந்த மேடை குறுக்க நிக்குதே மேடம். ஜனங்க எப்படி நடப்பாங்க? இருக்கறத வெச்சுதான் நான் எழுத முடியும்" என்றார் பொறியாளர்.

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. அக்கா மட்டும் பார்க்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடைக்காக இல்லை. நான் காலில் விழுந்து கெஞ்சி அக்காவை வளைக்கச் சொன்னேன் என்றுதானே இனி ஊர் பேசும்? சத்தியமாக நான் வாய் திறந்ததில்லை. மணலை மிதித்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? முடியாதுன்னுடுவேன்னு நெனச்சியா?"

"இல்லடா." இப்போதுதான் அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "சரின்னுடுவ. அதான் கேக்கல."

பொறியாளர் பக்கம் திரும்பி, "எடுத்துடுங்க சார். மேடை என்னுதுதான்" என்றேன். கடை வாசலில் நின்ற என் மனைவி, "நாளைக்கு எங்க உக்காந்து சுத்துவீங்க?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

தீயணைப்பு ஆட்கள் கடப்பாரையோடு இறங்கினார்கள். நாங்கள் மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே கொடுத்தோம். கட்ட எனக்கு எத்தனையோ நாள் ஆனது, அவர்கள் பெயர்க்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. தச்சர் கயிறு பிடித்தார். மூட்டைகளை நேராக அடுக்கினார்கள். வண்டி வந்தது. முன்பக்கம் திரும்பியது. பின்சக்கரம் மூட்டையை உரசுகிற மாதிரி வந்து, உரசாமல் போனது.

கைதட்டல் எழுந்தது. நர்ஸ் விசிலை ஊதித் தள்ளினார். பொறியாளர் எழுதினார். தையல்கார அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கடைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அங்கே அக்கா கடை வாசலில் நின்றாள், கடைசி மோட்டாரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு. ஊர் அவளைக் கூப்பிட்டது, அவள் திரும்பவில்லை. உள்ளே சுவரோரம், மேசைக்கடியில், என் முக்காலியின் மேல்கூட மோட்டார்கள்.

"இத எங்கடா வைக்க?" என்றாள்.

"தெரியலக்கா" என்றேன்.

அவள் கீழே வைக்கவில்லை. நானும் போய் வாங்கவில்லை.