பானையின் முணுமுணுப்பு

இட்லி மாவு டப்பாவைத் திறந்ததும் எழுந்த புளித்த வாடை, இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் அடையாற்றங்கரைக் குடிசைக்கே என்னை இழுத்துப்போனது. கண்ட சாராயத்தையும் குடித்து நைனா செத்துவிடக் கூடாதென்று அம்மாவே சோற்றைப் புளிக்கவைத்துச் சுண்டக்கஞ்சி போடுவாள். கழுத்துவரை மண்ணில் புதைத்த பானையில் காதை வைத்து, நுரைக்கும் முணுமுணுப்பு நின்று கஞ்சி பதத்துக்கு வந்துவிட்டதா என்று கேட்டுச் சொல்வது என் வேலை. குடித்துவிட்டால் நைனா மாலைவரை எழ மாட்டார். அன்றும் அப்படித்தான் கிடந்தார். உதட்டில் ஈ உட்கார்ந்ததைக் காட்டியபோதுகூட, "எழுப்பாதடி, கஞ்சி மயக்கத்துல கீறாரு" என்றாள் அம்மா. விளக்கேற்றும் நேரத்தில், பானையில் வைப்பதுபோலவே அவர் மார்பில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில், மறுநாளைக்கென்று அவருக்குப் போட்டிருந்த கஞ்சி மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.