விக்னராஜாவும் வாலாட்டும் வண்டியும்

பலெர்மோ நகரத்து ஒரேத்தோப் பகுதியில் விக்னராஜாவைத் தெரியாத தமிழர் இல்லை. ஒரு பொருளை வாங்கலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு, அதை அந்த வருடமே வாங்கியவரும் இல்லை. சோறு அவிக்கும் குக்கர் ஒன்றைத் தெரிவுசெய்ய அவர் எடுத்த காலத்துக்குள் பக்கத்து வீட்டில் ஒரு கலியாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிட்டது. அதுவரை அவர் மனைவி ஞானம்பிகை பானையிலேயே சோறு வடித்தாள். கேட்டவர்களிடம், "அவர் ஆராயிறார்" என்பாள். அந்தச் சொல்லில் பெருமை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்பதை மட்டும் அவரால் இன்றுவரை ஆராய்ந்து முடிக்க இயலவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஒரு ரூலொத் வந்து சேர்ந்தது. ரூலொத் என்றால் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, ஆள் பக்கவாட்டாக மட்டும் நுழையக்கூடிய கழிப்பறை. புருசனும் பெண்சாதியும் பல வருடமாக வீட்டுவேலை செய்வது பொலிதேயாமாப் பகுதியில் ஒரு சின்யோராவிடம், அதாவது ஒரு சீமாட்டியிடம்; அவரின் காலஞ்சென்ற கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. இந்தக் கோடைக்குச் சின்யோரா மிலானோவிலுள்ள மகளிடம் புறப்பட்டார். போகும்போது, "நீங்களும் எங்காவது போய் வாருங்கள்" என்று அதன் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டார்.

பலெர்மோவில் ஓகஸ்ட் மாதம் நம்மவர்கள் வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் கடற்கரை வீடுகளுக்குப் போவார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட நம்மவர்களும் கூடப் போவார்கள். ஆகவே ஞானம்பிகை கடலைப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. வருடாவருடம் பார்த்தாள், குசினி யன்னலால், கையில் சவர்க்கார நுரையோடு. இந்த ஓகஸ்டிலாவது அவளைக் கடலுக்கு முன்னால் ஒரு கதிரையில் இருத்தி, தேத்தண்ணியைத் தான் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று விக்னராஜா நினைத்தார். அவளிடம் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து ஆண்கள் மனைவியிடம் ஆசையை வாயால் சொல்வதில்லை. போய்க் காருக்குக் கொக்கி பூட்டுவார்கள்.

கொக்கி பூட்டி, அதற்குரிய பரிசோதனையும் முடித்து, செஃபாலுப் பக்கமாக ஒரு வெள்ளோட்டம் போனார்கள். நெடுஞ்சாலையில் பெரிய லொறி ஒன்று முந்திப் போனது. அது கிளப்பிய காற்றில் ரூலொத் வாலை ஆட்டத் தொடங்கியது. இடம், வலம், மறுபடி இடம். கடைசியில் காரையும் சேர்த்து ஆட்டியது. விக்னராஜா வேகத்தைக் குறைத்து, ஒருவாறு ஓரங்கட்டினார். ஞானம்பிகை கத்தவில்லை. கைப்பையைத் திறந்து, திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு, பையை மூடினாள்.

"இஞ்சாருங்கோ, இது ஆடாமல் போகுமெண்டால் நான் வாறன். இல்லாட்டி நீங்கள் போட்டு வாங்கோ. நான் வீட்டிலை நிக்கிறன்."

செய்தி பரவியது. பல்லாரோச் சந்தையில் மரக்கறிப் பையைத் தவிர வேறெதையும் இழுத்திராதவர்களெல்லாம் இழுவை நிபுணர்களானார்கள். ஒருவர், பின்னால் கல்லு மூட்டை ஏற்றச் சொன்னார். இன்னொருவர், ரூலொத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போகச் சொன்னார். மன்னார்க்காரரான நண்பர் அகஸ்ரின் நேரில் வந்தார்.

"மச்சான், உந்தக் கரண்டுப் பெட்டியைப் பூட்டு. ரூலொத் ஆடத் தொடங்கினால் அது தானாய் பிரேக் பிடிக்கும். நீ பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடலாம்."

"பெட்டி பழுதாய்ப் போனால்?"

"அதுக்கு அந்தோனியார் இருக்கிறார்."

"பெட்டி இருந்தாலும் அந்தோனியார், இல்லாட்டியும் அந்தோனியார். பிறகு பெட்டி என்னத்துக்கு?"

"உன்னோடை கதைக்கேலாது" என்று அகஸ்ரின் கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஒரேத்தோவில் கராஜ் வைத்திருக்கும் கஸ்பாரே மட்டும் வேறு விதமாகச் சொன்னார். முதலில் பாரத்தைப் பார், வாலில் பாரம் ஏறினால் எந்தக் கருவியும் உதவாது என்றார். ரூலொத்தின் பின்மூலையில் ஞானம்பிகை அடுக்கியிருந்த அரிசி மூட்டையும் தண்ணீர்ப் போத்தல்களும் சக்கரங்களுக்கு நேர்மேலே இடம்பெயர்ந்தன. அதன் பிறகு விக்னராஜா தன் வாழ்நாளிலேயே மிக விரைவான முடிவை எடுத்தார். காரின் கொக்கி நுனியில் நிமிர்ந்து நிற்பது ஓர் இரும்பு உருண்டை. ரூலொத்தின் மூக்கு அதன்மேல் தொப்பிபோல உட்காரும். அவர் தெரிவுசெய்த கருவி, அந்தத் தொப்பிக்குள் இருந்து இரண்டு உராய்வுக் கட்டைகளால் உருண்டையை இறுக்கிப் பிடிக்கும். மூக்கைப் பிடித்து வைத்தால் வால் ஆடாது. பல குடும்பங்கள் இந்த முறையில்தான் ரூலொத் இழுக்கின்றன என்பதால் அவருக்கு நம்பிக்கை வந்தது.

"உருண்டையில் கிறீஸ் பூச வேண்டாம்" என்று கருவியை விற்ற கடைக்காரன் சொல்லி அனுப்பினான். நல்லெண்ணெயைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

புதுச் சாமான் பூட்டினால் பூசை செய்யாமல் எடுப்பதா? விக்னராஜா சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்துக்கொண்டிருந்தார். ஞானம்பிகை காரின் பின்னால் போனாள். அங்கே கறுப்பாய், உருண்டையாய், நிமிர்ந்து நிற்கிறது ஒன்று. எண்ணெய் வைத்து, சந்தனம் அப்பி, குங்குமப் பொட்டும் இட்டாள். விக்னராஜா எட்டிப் பார்த்தார். வடிவாக இருக்கிறது என்றே நினைத்தார். அதன்மேல் ரூலொத்தின் மூக்கை இறக்கிப் பூட்டினார்.

இரண்டாவது ஓட்டத்தில் லொறி எதுவும் தேவைப்படவில்லை. சிறு காற்றுக்கே வால் ஆடியது. வீடு வந்து இறங்கிய ஞானம்பிகையின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவர் ஆறுதல் அடைந்திருப்பார்.

"பூசை செய்தும் ஆடுதெண்டால் அவருக்கே விருப்பமில்லை. விடுங்கோ" என்று மேலே பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பயணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

கொக்கியோடு வழக்காடலாம், கடைக்காரனோடு வழக்காடலாம். மேலிடத்தின் தீர்ப்புக்கு எங்கே போய் மேன்முறையீடு செய்வது? ஒரு கிழமை கழித்து, வேறு வழியில்லாமல் அவர் வண்டியைக் கஸ்பாரேயிடம் கொண்டுபோனார்.

கஸ்பாரே மூக்கைக் கழற்றினார். உராய்வுக் கட்டைகளில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு களி. விரலால் தொட்டு மணந்து பார்த்தார்.

"இது என்ன, கோயில் மணம் வருகிறது?"

விக்னராஜா சொன்னார். கஸ்பாரே சிரிக்கவில்லை. காற்றடிக்கும் இயந்திரத்துக்கு மேலே சுவரில் தொங்கும், நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் படத்தைக் காட்டினார்.

"நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் அவளைச் சுவரில் வைத்திருக்கிறேன், பிரேக்குக்குள் வைக்கவில்லை. இந்த உருண்டை காய்ந்த இரும்பாக இருந்தால்தான் பிடிக்கும். கட்டையை மாற்றித் தருகிறேன். உன் மனைவியிடம் சொல்."

கட்டை மாற்றுவது சுலபம். சொல்வது? சொன்னால் அவள் கை பழிக்கு ஆளாகும். சொல்லாவிட்டால் அவள் வரவே மாட்டாள். தப்பித்தவறி வந்தாலும் சந்தனக் கிண்ணத்தோடுதான் வருவாள். விக்னராஜா வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்றார். அவள் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாரும். கஸ்பாரே ஒரு விசயம் சொன்னவர்."

"என்னவாம்?"

"அந்த உருண்டையிலை ஒண்டும் பூசக்கூடாதாம்."

"ஒண்டும் எண்டால்?"

"கிறீஸ். எண்ணெய்." கொஞ்சம் பொறுத்து, "சந்தனம்."

கத்தி நின்றது.

"அப்ப, உதை ஆட்டினது நான்."

கட்டை பழசு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், காற்று அப்படி: இந்த இடத்துக்குப் பொருத்தமான பொய்கள் ஒரு கணவனிடம் எப்போதும் கைவசம் இருக்கும். விக்னராஜாவிடமும் இருந்தன. அவர் முதல்முறையாக எதையும் ஆராயாமல் வாயைத் திறந்தார்.

"ஓம்."

கத்தி மறுபடி நகர்ந்தது. இரண்டு வெண்டிக்காய் முடிந்தன.

"அப்ப அவருக்கு விருப்பமில்லாமல் இல்லை" என்றாள் ஞானம்பிகை.

"ஆருக்கு?"

"மேலை இருக்கிறவருக்கு. அவர் ஆட்டேல்லைத்தானே. ஆட்டினது நான். அவருக்கென்ன மறுப்பு?" நிமிர்ந்து பார்த்தாள். "உதை முந்தியே கண்டுபிடிச்சிருக்கலாமே. நான் என்ன பிழை விட்டனோ, கடலுக்குப் போக ஆசைப்பட்டதுதான் பிழையோ எண்டு ஒரு கிழமையா யோசிச்சுக்கொண்டு திரியிறன்."

ஆசைப்பட்டாளா? விக்னராஜாவுக்கு அது புதுச் செய்தி. அவர் அவளிடம் கேட்டிருக்கவில்லை, அவளும் சொல்லியிருக்கவில்லை. மிச்ச வெண்டிக்காயைத் தான் வெட்டித் தருவதாகச் சொன்னார். அவள் கொடுக்கவில்லை.

புறப்படும் நாளன்று காலை ஞானம்பிகை அரத்தாளும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அவர் கை வைக்கப் போனபோது, "தள்ளுங்கோ" என்றாள். சின்யோராவின் வெள்ளிக் கரண்டிகளை மினுக்கும் அதே கையால் இரும்பு உருண்டையை வெள்ளையாகத் தேய்த்தெடுத்தாள். சந்தனப் பொட்டு ரூலொத்தின் கதவுக்குப் போனது.

நெடுஞ்சாலையில் லொறி முந்தியது. விக்னராஜா கண்ணாடியில் வாலைப் பார்த்தார். ரூலொத் ஒருமுறை சிலிர்த்து, நேராக வந்தது. பின்னால் இருந்து கிறீச்சென்று ஒரு சத்தம்.

"அதென்ன சத்தம்?"

"உருண்டையைப் பிடிக்கிற சத்தம். அப்பிடித்தான் கிறீச்சிடும்."

"பிடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஞானம்பிகை செருப்பைக் கழற்றி, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கடல் வந்தால் எழுப்பச் சொன்னாள்.