ஃப்ராவ் ரகுநாதனும் ஒஹாயோக்காரரும்

சிவமலர் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும் இடம் டாக்டரின் காத்திருப்பு அறை. "ஃப்ராவ் ரகுநாதன்!" என்று, அதாவது திருமதி ரகுநாதன் என்று கூப்பிடுவார்கள். ரகுநாதன் அவருடைய அப்பா. பருத்தித்துறையை விட்டு அசையாத மனிதர். 1986இல் ஜெர்மனிக்கு அகதியாக வந்தபோது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நம்மிடம் ஏது அது? அக்கா அப்பாவின் பெயரை எழுதிவிட்டார்.

"நாற்பது வருசமா ஒரு ஆம்பிளையின்ர பேரில கூப்பிடுறாங்கள் தம்பி!" என்று என்னிடம் பொரிவார்.

ஒருவழியாகப் பெயர் மாற்ற விண்ணப்பித்து, செவ்வாய்க்கிழமைக்கு அலுவலகத்தில் டெர்மீன், அதாவது சந்திப்பு நேரம், வாங்கியிருந்தார்.

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில், தேவாலய அலுவலகத்தைத் துப்புரவாக்கும் வேலை அக்காவுக்கு. தான் தூசி தட்டும் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஊர் வம்பில் அவ்வளவு ஆசை. மாலை வகுப்புக்குப் போய் அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்தையே படித்துவிட்டார். இப்போது யாராவது மூதாதையரைத் தேடி வந்தால் பாதிரியார் அக்காவைத்தான் கூப்பிடுகிறார்.

டெர்மீனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வெண்டெல் மைக்கேல் என்ற எண்பது வயது அமெரிக்கர் வந்தார். ஆங்கிலம் தெரிந்த குற்றத்துக்காக, மேல்மாடியில் குடியிருக்கும் என்னையும் அக்கா இழுத்துப் போனார்.

வெண்டெலின் மூதாதை ஜேக்கப் மைக்கேல் 1817இல் ஒஹாயோவில் காட்டை வெட்டிக் குடியேறியவராம். கரடியோடு மல்லுக்கட்டியவராம். பிறந்தது இந்த ஊர் என்கிறது குடும்ப பைபிள். ஆனால் இந்த ஊர்ப் பதிவேட்டில் மைக்கேல் என்றொரு குடும்பமே இல்லை. இதோடு மூன்று தடவை வந்து தேடிவிட்டார்.

"இனிமேல் இவ்வளவு தூரம் என்னால் பறக்க முடியாது" என்றார். எனக்கே பாவமாக இருந்தது.

"பிறந்த திகதி தெரியுமோ எண்டு கேளும் தம்பி."

தெரிந்திருந்தது. தாயின் பெயர் ரோசினா என்பதும். அக்கா பக்கங்களைப் புரட்டினார்.

"கப்பலடியில முழுப்பேர் கேட்டிருப்பாங்கள். பெடியன் அவசரத்தில அப்பான்ர பேரைச் சொல்லியிருப்பான். நாங்களும் அப்பிடித்தானே செய்தனாங்கள்?"

கிடைத்தது. யாக்கோப் (நம் ஜேக்கப்தான்), தாய் ரோசினா, தகப்பன் மைக்கேல் ஹேபர்லே, ஊர் வாத்து மேய்ப்பவர். ஓரத்தில் சின்னதாக: 1817, அமெரிக்கா போனான்.

கரடியோடு மோதிய வம்சத்துக்கு வாத்து மேய்த்த பாட்டன்! வெண்டெல் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதார்.

"அப்படியானால் நான் ஹேபர்லேயா? பெயரை மாற்றிக்கொள்ள வேண்டுமா?"

அக்கா பதறிப்போனார். "வேண்டாமெண்டு சொல்லும்! அந்த மனிசன் வாத்துகளை விட்டு ஒரு இடமும் போகேல்ல. அவரின்ர பேர் எவ்வளவு தூரம் போயிருக்கு, பாரும்."

பருத்தித்துறையிலேயே கண்மூடிய தன் அப்பாவின் செத்தவீட்டுக்குக்கூட அக்காவால் போக ஏலாமல் போனது எனக்குத் தெரியும். பதிவேட்டை மூடி, இல்லாத தூசியை இரண்டு தரம் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை டெர்மீனுக்கு அவர் போகவில்லை. புதன்கிழமை பல் டாக்டரிடம் "ஃப்ராவ் ரகுநாதன்!" என்று கூப்பிட்டார்கள்.

"ஓம், ரகுநாதன் வாறார்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு எழுந்து போனாராம்.