கொக்கோ டப்பாவில் நிலக்கரி

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் கடைசி வாரத்தில் நான் ஒரு கேக் செய்து கெடுக்கிறேன். ஜெர்மனிக்கு வந்த பதினெட்டு வருடங்களில் இந்த ஒரு காரியத்தைத் தவறாமல் செய்திருக்கிறேன். வீட்டில் நல்ல ஓவன் இருக்கிறது, அளக்கத் தராசு இருக்கிறது, வெண்ணெய்க்கும் முட்டைக்கும் குறைவில்லை. இருந்தும் நடுவில் குழி விழும், இல்லாவிட்டால் ஓரம் காய்ந்துபோகும். நெய்வேலி குவார்ட்டர்ஸில் அம்மா பிரஷர் குக்கரின் அடியில் மணலைக் கொட்டி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கைமதிப்பாகப் போட்டுச் செய்த கேக் எப்படிப் பஞ்சு மாதிரி வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த வருடம் கேக் கெட்டதில் வருத்தமே இல்லை. என் கண்காட்சி நல்லபடியாக முடிந்துவிட்டது. ஒன்பது பெரிய படங்கள், ஒன்பதிலும் சுரங்கம். இரண்டு வருடமாக என் தூக்கத்தைக் கெடுத்தவை சுவரிலிருந்து இறங்கிப் பெட்டிக்குள் போய்விட்டன. ஊரே கடையை அடைத்துவிட்டுப் பண்டிகை கொண்டாடுகிறது. நான் சமையலறையில் கால் நீட்டி உட்கார்ந்து, குழி விழுந்த கேக்கை ஸ்பூனால் தோண்டித் தின்றுகொண்டிருக்கிறேன்.

படம் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதிலிருந்த பழுப்பு நிறத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். இங்கே ஓவியப் பொருள்கள் விற்கும் கடைகளில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு பழுப்புப் பொடி கிடைக்கும். அந்தக் காலத்திலிருந்தே ஓவியர்கள் பயன்படுத்துவது. அது என்ன பொருள் என்று குப்பியின் பின்பக்கம் போட்டிருப்பார்கள்: பழுப்பு நிலக்கரி. முதல் முறை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்தபோது கடையில் நின்றபடியே சிரித்துவிட்டேன். அது என் மாமாவின் சட்டை வாசம்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கம்மாபுரம் பக்கத்தில் அவர்களுடைய நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு, அதே சுரங்கத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்து, எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தார். நிலக்கரி போகும் பெல்ட்டிலிருந்து கீழே சிந்துவதை வாரிப் போடும் வேலை. எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். பர்மனென்ட் ஆனதும் சைக்கிள், பர்மனென்ட் ஆனதும் கல்யாணம். சொத்தைப் பல்லைப் பிடுங்குவதைக்கூடப் பர்மனென்ட் ஆகட்டும் என்று தள்ளி வைத்திருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அரைப்பரீட்சை லீவு. எங்கள் பிளாக்கில் புத்தாண்டு அன்று பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைப்பார்கள். உலகத்திலேயே நன்றாகப் படம் வரைகிறவள் நான்தான் என்று எனக்கு உறுதியான நம்பிக்கை. சுரங்கத்தை வரைவதாகத் தீர்மானித்திருந்தேன். ஆனால் பெயின்ட் பெட்டியில் இருந்த பழுப்பு எதற்கும் ஆகவில்லை. அது நாய்க்குட்டிக்குச் சரி, மேசைக்குச் சரி, சுரங்கத்துக்குச் சரியில்லை. இதை மாமாவிடம் சொல்லி இரண்டு நாள் மூக்கைச் சிந்தினேன்.

மூன்றாம் நாள் மாமா டிபன் பாக்ஸை என்னிடம் கொடுத்து, கீழ்த்தட்டைப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஈரமாக ஒரு நிலக்கரிக் கட்டி. கரி போலவே இல்லை. உளுத்த மரத்துண்டு போல, வரிவரியாக இருந்தது.

"பாப்பா, இத யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாத. மைன்ஸ் கேட்டுல தெரிஞ்சா என் பாஸைப் புடுங்கிப்பாங்க. அப்பறம் பர்மனென்ட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

அப்பாவுக்கும் தெரியக்கூடாது. அப்பா பர்மனென்ட் ஆபரேட்டர். வேலையிடத்து ஆணி ஒன்று செருப்பில் குத்தி வீடுவரை வந்துவிட்டாலும் மறுநாள் திரும்பக் கொண்டுபோய்ப் போடுகிற ரகம். ஆகவே ரகசியம் எனக்கும் மாமாவுக்கும் மட்டும்.

கட்டியை வெயிலில் காயவைத்தபோது தானாகவே வெடித்து உதிர்ந்தது. துணி துவைக்கும் கல்லில் வைத்துக் குழவியால் தேய்த்தேன். நறநறவென்று ஒரு பொடி கிடைத்தது. அதை எங்கே ஒளிப்பது என்பதற்கும் மாமாதான் யோசனை சொன்னார். "கட்டிலுக்கு அடியில வெச்சா பெருக்கறப்ப மாட்டும். டப்பாவுங்களுக்கு நடுவுல ஒரு டப்பாவா வெச்சுடு. எவனும் பாக்க மாட்டான்." சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்த ஒரு கொக்கோ டப்பாவில் போட்டு மூடினேன். உலகத்திலேயே கெட்டிக்கார மாமா என்னுடையவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு செக்யூரிட்டி அங்கிள் இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், எந்தப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். சுரங்க கேட்டில் வெளியே போகிறவர்களின் பையைச் சோதிக்கும் வேலை. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு தட்டு நிறையக் கேக் வந்திருந்தது. கறுகறுவென்று, திராட்சை போட்ட கேக். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பக்கூடாது என்பது எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டுக்கும் சட்டம். விழுப்புரத்துக்காரர், மதுரைக்காரர், பாலக்காட்டுக்காரர் என்று ஊருக்கு ஊர் சாமியும் சாம்பாரும் வேறாக இருந்தாலும் இந்தச் சட்டத்தில் மட்டும் வேற்றுமை கிடையாது. அந்தத் தட்டு ஒரு வாரமாக எங்கள் சமையலறையில் சாய்ந்து நின்று அம்மாவை உறுத்திக்கொண்டிருந்தது.

டிசம்பர் முப்பத்தொன்று மத்தியானம் வெளியே விளையாடிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். கேக் வாசனை. அம்மா காடாம்புலியூர் முந்திரியை நெய்யில் வறுத்துப் போட்டிருந்தாள். எப்போதும் மஞ்சள் கேக்தான் செய்வாள். ஆனால் அன்று தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருந்த கேக் பழுப்பாக இருந்தது. நல்ல பழுப்பு. சுரங்கப் பழுப்பு.

பக்கத்தில் என் கொக்கோ டப்பா. மூடி தனியாக, டப்பா தனியாக. உள்ளே ஒன்றுமில்லை.

"ஏம்மா கேக்கு இந்தக் கலர்ல இருக்கு?" என்று கேட்டுவிடலாம். கேட்டால் சொல்ல வேண்டி வரும். சொன்னால் மாமாவின் பாஸ் போய்விடும். திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அதற்குள் அம்மா துண்டு போட்டு, தட்டில் அடுக்கி, மேலே ஒரு துணியை மூடி என் கையில் கொடுத்துவிட்டாள்.

"செக்யூரிட்டி அங்கிள் வூட்ல குடுத்துட்டு வா. வழியில தின்னுக்கினு போவாத."

தின்பதா! நான் தெருவில் இறங்கி நடந்தேன். ஒரு துண்டு தின்றால் அங்கிள் செத்துப்போவார். சாகாவிட்டால் அதைவிட மோசம். தினமும் கேட்டில் நிற்கிறவருக்கு நிலக்கரி வாசம் தெரியாதா? "யார் வீட்டுக் கேக்? யார் கொண்டுவந்தது?" என்று கேட்பார். தட்டோடு எங்கேயாவது ஓடிவிடலாமா என்று யோசித்தபோது, முதல் ஷிப்ட் முடித்து எதிரே சைக்கிளில் அவரே வந்து இறங்கினார். யூனிபார்ம்கூடக் கழற்றவில்லை.

"என்ன மக்களே, தட்டுல என்ன கொண்டு வாற? கேக்கா?"

துணியைத் தூக்கி ஒரு துண்டை எடுத்தார். வாய்க்குக் கொண்டு போனார்.

"திங்காதீங்க அங்கிள்!" என்று கத்தி அவர் கையைத் தட்டிவிட்டேன். தட்டும் கையிலிருந்து நழுவியது. எட்டுத் துண்டும் தார்ரோட்டில் உருண்டன. தட்டு கணகணவென்று சுற்றி, தெரு முழுவதற்கும் சேதி சொல்லிவிட்டு அடங்கியது.

அம்மா ஓடி வந்தாள். அங்கிளின் மனைவியும் வெளியே வந்துவிட்டார். "என்னாடி பண்ணிக்கினு நிக்கிற? பேய் கீய் புடிச்சிருக்கா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தாள் அம்மா. வலித்தது, ஆனால் உள்ளே ஒரு நிம்மதி. கேக் ஒழிந்தது, மாமா பிழைத்தார். அடி வாங்கிக்கொண்டே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், லாபம்தான்.

"பிள்ளைய அடியாதீங்கம்மா, கை தவறியிருக்கும்," என்றார் அங்கிள்.

"இருங்கண்ணா, பாதி கேக்கு உள்ளதான் இருக்கு. இதோ எடுத்தாந்துர்றேன்."

பாதி கேக் உள்ளே இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அம்மா உள்ளே போனாள். கேக்கை எடுத்துவர எவ்வளவு நேரமாகும்? அவள் வரக் கொஞ்சம் தாமதமானது. தாம்பாளத்தோடு திரும்பி வந்தவள் அங்கிளிடம் நீட்டவில்லை. ஆன்ட்டியிடமும் நீட்டவில்லை. நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க, தானே ஒரு துண்டை எடுத்துத் தின்றாள்.

அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் எது செய்தாலும் எல்லோருக்கும் கொடுத்து முடித்து, தட்டில் ஒட்டியதை வழித்துத் தின்கிறவள் அவள். அன்று வந்தவர்களை நிற்கவைத்துவிட்டு முதல் துண்டைத் தின்றாள். மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். முழுங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாகவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு, "ம், நல்லாத்தான் வந்திருக்கு. எடுத்துக்கோங்க," என்றாள்.

அங்கிள் தின்றார். ஆன்ட்டி தின்று, முந்திரி எங்கே வாங்கினது என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் வாசமும் தெரியவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த மாமா மூன்று துண்டு தின்றுவிட்டு நான்காவதுக்குக் கையை நீட்டினார். நானும் தின்றேன். இவ்வளவு ருசியான கேக்கை நான் அதுவரை தின்றதில்லை. நிலக்கரியை ஏன் வீணாக எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தாண்டுக் காலையில் என் பெயின்ட் பெட்டியைத் திறந்தபோது அதற்குள் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பூக்கட்டும் நூலால் கட்டியிருந்தது. பிரித்தால் நிலக்கரிப் பொடி. நான் அரைத்தது போல நறநறப்பாக இல்லை, கோலமாவைவிட நைசாக இருந்தது. மாமா இன்னொரு கட்டியைக் கொண்டுவந்து அரைத்துக் கொடுத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். எதற்கென்று கேட்காமல் அவரும் கண்ணடித்தார். முந்திரி மரத்துப் பிசினைக் கரைத்து அதில் பொடியைக் குழைத்துச் சுரங்கத்தை வரைந்தேன். ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. படத்தைப் பார்த்த செக்யூரிட்டி அங்கிள், "அசல் மைன்ஸ் மாதிரியே இருக்கே மக்களே!" என்று தட்டிக்கொடுத்தார். மாமா சட்டென்று ஆகாயத்தைப் பார்த்தார்.

அவர் பிறகு பர்மனென்ட் ஆனார். சொன்னபடி முதலில் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்.

நிலக்கரிக் கேக் தின்றவள் என்ற பெருமை எனக்கு ரொம்ப வருடம் இருந்தது. இங்கே படிக்க வந்து, நிறம் அரைக்கக் கற்றுக்கொண்டபோதுதான் அது ஆட்டம் கண்டது. எவ்வளவு அரைத்தாலும் நிலக்கரி கோலமாவு போல ஆகாது. மெல்லிய துணியில் கொட்டி, தட்டித் தட்டிச் சலித்தால்தான் ஆகும். அன்று துணியை உதறிப் பார்த்தேன், நடுவில் பழுப்பாக ஒரு கறை. எங்கள் வீட்டில் முறுக்குமாவு சலிக்கும் வெள்ளைத் துணியிலும் அப்படி ஒரு கறை இருந்தது. என்ன துவைத்தும் போகாத கறை. நான் காலேஜ் போகும்வரை அது அடுப்படி ஆணியில் தொங்கியது.

இருந்தும் அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்டால் மாமாவைக் காட்டிக்கொடுத்தது போலாகும் என்ற பயம் இத்தனை வயதிலும் போகவில்லை போலும். நேற்று போனில் இந்த வருடமும் கேக் குழி விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாய் தவறி அந்தப் பழுப்புக் கேக்கைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

அம்மா சிரித்தாள். "வடலூர்ல கொக்கோ பாக்கெட்டு வாங்கியாந்து, கேக்குல போட்டது போவ மிச்சத்தக் கொட்டி வெக்கலாம்னு அந்த டப்பாவத் தொறக்கறேன், உள்ள நெலக்கரி! பன்னெண்டு வருசம் உங்கப்பா துணியில அதத்தான் தொவைச்சிக்கினு இருக்கறேன், எனக்குத் தெரியாதா? உங்க மாமன் வரட்டும், வெச்சுக்கறேன்னு பொடியக் காயிதத்துல கொட்டிட்டு டப்பாவக் கழுவி வெச்சேன். அதுக்குள்ள நீ தட்டக் கீழ போட்டுட்டு நிக்கிற. கோவத்துல அடிச்சிட்டேன். மறுபடி உள்ள போயி அந்தக் காலி டப்பாவப் பாத்தப்பறம்தான் நீ ஏன் கத்துனன்னு எனக்கே விளங்குச்சு."

"சரி, முதல் துண்டை நீ ஏம்மா தின்னே?"

"பின்ன? நீ முழியப் பிதுக்கிக்கினு நிக்கிற. தெருவுல வெச்சு வாயத் தொறந்து சொல்ல முடியுமா? நான் தின்னாத்தான் நீ மூச்சு வுடுவன்னு தெரிஞ்சுது."

அன்று நான் மூச்சு விட்டது வாஸ்தவம். நிலக்கரி தின்றால் ஆளைக் கொல்லாது என்று தெரிந்ததால்தான் விட்டேன்.