காவியும் சுண்ணாம்பும் பூசிய கல்

அந்தக் கல்லை நினைச்சாலே எனக்குக் கடப்பாரையைத் தூக்கிட்டுக் கிளம்பணும்போல வருது. இடுப்பு உசரம்கூட இருக்காது. ரெண்டு காட்டுக்கு நடுவுல, வரப்பு ஓரமா, ஆடு உரசிட்டுப் போற சாதாரணக் கல்லு. அதுல என் வீட்டுக்காரர் ரத்தம் விழுந்துச்சு. அவரு விரல் ரெண்டு அதுக்குக் கீழேதான் கிடந்துது.

சங்கரன்கோவில்ல இருந்து சிவகிரிக்கு பிரைவேட் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தவரு அவரு. உட்கார்ந்தே ஓட்டுன வேலைக்கு சர்க்கரை வந்துட்டு. டாக்டர் நடக்கச் சொன்னாரு. எல்லாரையும் மாதிரி தெப்பக்குளத்தைச் சுத்தி நடந்தா என்ன? அது இவருக்கு ஆகாது. பஸ்ல வார சனங்ககிட்டப் பேச்சுக் கொடுத்து, மேலநீலிதநல்லூரைத் தாண்டி ஒரு பழைய வண்டிப்பாதை இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. தார் ரோடு வாரதுக்கு முன்னாடி மனுசன் நடந்த பாதை. கரிசக் காட்டுக்குள்ள புகுந்து, ஓடையில இறங்கி ஏறினா இடிஞ்ச கல்மண்டபம் ஒண்ணு. அதைத் தாண்டி, தலைச்சுமையை இறக்கி வைக்கிறதுக்குன்னு அந்தக் காலத்துல நட்ட சுமைதாங்கிக் கல்லு. கடைசியில ஒரு மொட்டைக் குன்று. அதுல சாமியாருங்க படுக்கப் பாறையைச் செதுக்கி வச்ச படுக்கையும், கோடையிலயும் வத்தாத சுனையும் இருக்கு. மேல ஏறி நின்னா மேற்க மலை பூரா தெரியும். என்ன இருந்தாலும் சொல்லணும், அங்கன அடிக்கிற காத்து மாதிரி ஒரு காத்து ஊருக்குள்ள கிடையாது.

ஞாயித்துக்கிழமை தோறும் நடை. முதல்ல நாங்க ரெண்டு பேரு. பிறகு வாத்தியாருங்க, மெடிக்கல் கடைக்காரரு, காலேஜ் பிள்ளைங்கன்னு கூட்டம் சேர்ந்துட்டு. ராஜபாளையத்துல இருந்தெல்லாம் டிரெக்கிங்குன்னு பை மாட்டிக்கிட்டு வந்தாங்க. நான் மூட்டு வலியோட முனங்கிக்கிட்டே பின்னால போவேன். புளிச்சோறு கட்டுறதும் நான், கத்துறதும் நான்.

ஒரு நடையில நாலஞ்சு பிள்ளைங்க முன்னால ஓடி, உடைமரக் காட்டுக்குள்ள வழி மாறிட்டுதுங்க. நல்ல உச்சி வெயில். தேடிப் பிடிக்கையில ஒரு பொண்ணு முள்ளுல கிழிஞ்சு, மயங்கிக் கிடக்குது. இவரு அப்படியே நடுங்கிப் போனாரு. வழிக்கு அடையாளம் போடணும்னு அன்னைக்கு முடிவு பண்ணுனாரு. வெளிநாட்டு மலைப்பாதையில எல்லாம் பாறையில வெள்ளையும் சிவப்புமா பட்டை போட்டிருக்கதை போன்ல பார்த்திருக்காரு. ஆனா பெயிண்ட் அடிக்க மனசு வரல. “பழங்காலத்துக் கல்லு, அதுல போய் பெயிண்டை அப்பச் சொல்லுதியா? நாலு மழை பெஞ்சா கரையுற மாதிரி இருக்கணும்ட்டி” அப்படின்னாரு. தேரடிப் பக்கம் போய் சுண்ணாம்பும் காவியும் வாங்கிட்டு வந்து, வாளியில கரைச்சு, வழி நெடுகப் பட்டை போட்டுக்கிட்டே போனாரு. கீழே வெள்ளை, மேலே காவி.

“என்னங்க, கோயில் செவுரு மாதிரில்லா இருக்கு” அப்படின்னேன்.

“அழகா இருக்குல்லா?” அப்படின்னு சிரிக்காரு மனுசன். நம்ம ஊருல காவியும் சுண்ணாம்பும் பட்டை போட்டா அது யாரு இடம்னு பால்குடிப் பிள்ளைக்குத் தெரியும். இவருக்கு அந்த நேரம் வெளிநாட்டு மலைதான் கண்ணுல தெரிஞ்சுது.

மண்டபத்துக்கு இந்தப் பக்கம் அண்ணன் தம்பி ரெண்டு பேரு காடு. அண்ணன் காட்டுல மக்காச்சோளம், தம்பி காட்டுல பருத்தி. அப்பன் ஒழுங்காப் பாகம் பிரிச்சு வைக்காம செத்துப் போனதுல ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒவ்வொரு உழவுக்கும் இவன் அவன் வரப்பைக் கொஞ்சம் கடிப்பான், அவன் இவன் வரப்பைக் கொஞ்சம் கடிப்பான். அந்த வரப்பு மேலதான் நான் சொன்ன கல்லு. இவரு அதுலயும் ஒரு பட்டையைப் போட்டுட்டு வந்துட்டாரு.

மறு ஞாயித்துக்கிழமை போறோம், கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, வேப்பங்குலை சாத்தியிருக்கு. சூடம் கொளுத்தின கரி வேற. தம்பி பொண்டாட்டி செவ்வாக்கிழமை பருத்தி எடுக்க வந்தவ, கல்லுல பட்டையைப் பார்த்து, சாமி தானா வெளிப்பட்டிருக்குன்னு குலவை போட்டிருக்கா. தம்பிக்காரனுக்கு வேறென்ன வேணும்? சாமிக்கு நாலு பக்கமும் இடம் விடணும், அண்ணன் ஏரு இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு கயிறு கட்டிட்டான். கயிறு அண்ணன் மக்காச்சோளத்துக்குள்ள போய் நிக்குது.

எங்களைக் கண்டதும் அண்ணன்காரன் கடப்பாரையோட ஓடி வந்தான். “ஏவே டிரைவரு! எந்தம்பிகிட்ட கை நீட்டி வாங்கிட்டுல்லா பூசிட்டுப் போயிருக்கீரு! இந்தக் கல்லை இப்பவே பிடுங்கி ஓடையில போடுதேன் பாரும்!” அப்படின்னான். மோட்டார் ரூமுக்குள்ள இருந்து தம்பி அருவாளோட வந்தான். அதுக்கப்புறம் யாரு பேச்சை யாரு கேட்டா? கடப்பாரை தம்பி தோள்ல விழுந்துது. மரக்கிளை முறியுற சத்தம் கேட்டுது. தம்பி பொண்டாட்டி அண்ணன்காரன் கையைக் கடிச்சுத் தொங்குதா. அவன் அவ மயித்தைப் பிடிச்சு மண்ணுல தேய்க்கான். கூட வந்த பிள்ளைங்க அலறிக்கிட்டு ஓடையைப் பார்த்து ஓடுதுங்க.

நான் இவரு சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். வந்தாத்தானே! உதறிட்டு உள்ள பாய்ஞ்சாரு. “எலே, நிறுத்துங்கலே! இது சாமி இல்லலே, நான் பூசினது! இங்க பாருங்க” அப்படின்னுட்டு, குடிக்க வச்சிருந்த தண்ணியைக் கல்லு மேல ஊத்தி, தோள் துண்டால காவியைத் துடைக்க ஆரம்பிச்சாரு. பாதிப் பட்டை போயிட்டு. “சாமியையா அழிக்க?” அப்படின்னு தம்பி கத்துனதுதான் கேட்டுது, இடது கையால அருவாளை ஓங்கி துடைச்சுக்கிட்டிருந்த இவரு வலது கையிலயே போட்டான்.

ரத்தம் என் மூஞ்சியில அடிச்சுது. நான் என்ன செஞ்சேன்னு முழுசா ஞாபகம் இல்ல. ஒரு கல்லைப் பொறுக்கி அவன் வாயில குத்தினேன். அவன் பல்லு என் கை முட்டியில பதிஞ்ச தழும்பு இன்னும் இருக்கு. மெடிக்கல் கடைக்காரரு மட்டும் என்னை இழுக்கலைன்னா அன்னைக்கு அவனை அங்கனயே கொன்னிருப்பேன். சத்தியமாச் சொல்லுதேன், அதுக்கு எனக்கு இன்னைவரைக்கும் வருத்தம் இல்ல.

பெரியாஸ்பத்திரி, அங்க இருந்து திருநெல்வேலி. சுண்டு விரலும் மோதிர விரலும் போனது போனதுதான். உள்ளங்கை நரம்பைத் தச்சுவிட்டாங்க, ஆனா மடங்கல. சர்க்கரைப் புண்ணு ஆறுமா? சீழ் பிடிச்சு, கீறி, மறுபடி பிடிச்சு, சோறு நான்தான் ஊட்டுனேன். ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாத கைக்கு பஸ்ஸை யாரு கொடுப்பா? காலையில முதல் டிரிப்பு போற ஹாரன் சத்தம் கேட்டா போர்வையைத் தலைக்கு மேல இழுத்துக்கிடுவாரு.

கேசு போட்டோம். தம்பிக்காரன் கொஞ்ச நாள் உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்துட்டான். எனக்கு அவன் தூக்குல தொங்கணும்னு இல்ல. அவன் எங்க வாசல்ல நின்னு, “நான்தான் வெட்டினேன், தப்பு” அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லணும். இவரும் அதைத்தான் எதிர்பார்த்தாரு. வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு, ஆனா வாசல் கேட்டு ஆடுற சத்தம் வந்தாப் போதும், எட்டிப் பார்ப்பாரு.

அப்பந்தான் ஊருக்குள்ள பேச்சு வந்துது. அந்தக் கல்லு ரத்தப்பலி கேட்டு வாங்கின சாமியாம். துடியான சாமியாம். அண்ணன்காரன் பயந்து போய், சண்டை போட்ட இடத்தைச் சாமிக்கே விட்டுட்டானாம். ரெண்டு பேரும் ராசியாகி, தகரக் கொட்டகை போட்டு, மணி கட்டி, கெடா வெட்டுதாங்களாம். வெளியூர்ச் சனமெல்லாம் இவரு போட்ட பட்டையைப் பார்த்துக்கிட்டே, யாருகிட்டயும் வழி கேட்காம நடந்து வந்து சேருதாம். இதைக் கேட்டுட்டு இவரு அன்னைக்குப் பூரா சாப்பிடல.

அந்தக் கல்லுச் சாமிக்குக் கொடைத் திருவிழா வச்சிருந்தாங்க, அதுக்கு முந்தின வாரம் சாயங்காலம் கேட்டு ஆடுச்சு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நிக்காங்க. தாம்பாளத்துல தேங்காய், பழம், வெத்திலை, பட்டுத்துண்டு. தம்பிக்காரன் வாயில முன் பல்லைக் காணோம். இவரு நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டாரு. இன்னைக்குச் சொல்லப் போறான்னு நானும் வாசலுக்கு வந்தேன்.

“அண்ணாச்சி, கொடையில உங்களுக்குத்தான் முதல் மரியாதை. உங்க ரத்தந்தான சாமிக்கு முதல் பலி. நீங்க கொடுத்து வச்சவுக” அப்படின்னு தம்பிக்காரன் தாம்பாளத்தை நீட்டுதான்.

“வெட்டினது யாருலே?” அப்படின்னேன் நான்.

“அருவாதான் எங்கையில இருந்துது யக்கா. வெட்டினது நானா? சாமில்லா வாங்கிக்கிட்டுது. கேசையும் நீங்க மனசு வச்சா...”

அவன் முடிக்கல. தாம்பாளம் தெருவுல போய் விழுந்துது. இவரு அந்த மூணு விரல் கையாலயே அவனை அறைஞ்சாரு. மூஞ்சியில, காதுல, கழுத்துல, மாறி மாறி. “எலே, என் கை! என் கை!” அப்படிங்காரு, அதுக்கு மேல வார்த்தை வரல, தொண்டையில இருந்து ஒரு சத்தம் வருது. புண்ணு பிளந்து அவன் வேட்டி பூரா ரத்தம். இந்த மனுசன் இத்தனை வருசத்துல ஒரு ஆளை அடிச்சு நான் பார்த்தது கிடையாது. அடிக்கட்டும்னு விட்டுட்டேன். என்னத்துக்குத் தடுக்கணும்? அது அவருக்கு வரவேண்டிய கோவம்.

தம்பிக்காரன் கையை ஓங்கல, ஓடல. ரெண்டு கையையும் கூப்பினான். “வந்துட்டு! அண்ணாச்சி மேல சாமி வந்துட்டு!” அப்படின்னு அண்ணன்காரன் தெருவைப் பார்த்துக் கத்துதான். எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து குலவை போடுதா. யாரோ செம்புல மஞ்சத்தண்ணி கொண்டு வாராங்க, யாரோ சூடம் ஏத்துதாங்க. அடி வாங்குறவன் கண்ணுல தண்ணி வழிய, “சொல்லு சாமி, என்ன குறைன்னு சொல்லு சாமி” அப்படிங்கான்.

நான் சூடத்தை எத்தி விட்டேன். “ஏலே, சாமி இல்லலே! எம்புருசன்லே! நீ வெட்டின மனுசன்லே இவரு!” அப்படின்னு தொண்டை கிழியக் கத்துனேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கல. இவரு ஓங்கின கை அப்படியே நின்னுட்டு. அவன் கண்ணை மூடிக்கிட்டு, அடுத்த அடிக்குக் கன்னத்தைக் காட்டிக்கிட்டு நின்னான்.